தனியார் கோலேஜா, அரசு கோலேஜா: ரெயூனியனில் லிசே இடத்துக்கு எது உதவும்?

பாண்டிச்சேரியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ரெயூனியன் என்ற இந்தப் பிரெஞ்சுத் தீவுக்குக் குடிவரும் பெற்றோர் பலர் ஊர்க் கணக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள்: சின்ன வயதிலேயே தனியார் பள்ளியில் போட்டுவிட்டால் மேல்நிலைக்கு இடம் தானாக வரும். ரெயூனியனில் அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். இங்கே நடப்பது பிரான்சின் பள்ளிச் சட்டம். ஐந்து வருடம் எகோல் (தொடக்கப்பள்ளி), நான்கு வருடம் கோலேஜ் (நடுநிலை), பிறகு லிசே (மேல்நிலை). கோலேஜில் வகுப்பு எண் இறங்குமுகம். ஆறில் நுழைந்து மூன்றில் முடிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் இதில் ஒருமுறையாவது குழம்பாமல் இருப்பதில்லை.

தனியார் பள்ளி என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, அதற்கு அரசோடு ஒப்பந்தம் உண்டா என்பது. 1959 டிசம்பர் 31 தேதியிட்ட தெப்ரே சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்ட பள்ளிகளை 'சூ கோந்த்ரா' என்பார்கள். ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடத்திட்டமும் அரசுடையது. தீவில் இவை பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள். ஒப்பந்தம் இல்லாத பள்ளி தனி உலகம். சம்பளம், வாடகை எல்லாம் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டையும் 'தனியார்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அரசு லிசேயின் முதல் வருடமான செகோந்த் வகுப்புக்கு, அதாவது பொது மற்றும் தொழில்நுட்பப் பிரிவுக்கு, இடம் தருவது வீட்டு முகவரி. உங்கள் தெரு எந்த லிசேயின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே பிள்ளைக்கு உரிமை உண்டு. அரசு கோலேஜில் படித்தவரும் ஒப்பந்தத் தனியார் கோலேஜில் படித்தவரும் 'அஃபெல்நெத்' என்ற ஒரே கணினி வரிசையில்தான் நிற்கிறார்கள். நான்கு வருடம் கட்டணம் கட்டியதற்காக அந்த வரிசையில் ஒரு படிகூட முன்னே போக முடியாது. முகவரியைக் காட்ட வாடகை ஒப்பந்தமும் அண்மைய மின்சார ரசீதும் கேட்பார்கள். மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். சரிபார்ப்பில் சிக்கினால் இடமே போகும்.

அதிகம் பேர் சறுக்குவது விருப்பப் பட்டியலில். சொந்த அகாதெமிக்குள், அதாவது கல்வி வட்டாரத்துக்குள், 10 விருப்பம்வரை போடலாம். பேர்பெற்ற லிசே ஒன்றிரண்டை மட்டும் எழுதி, சொந்த எல்லை லிசேயை விட்டுவிடுகிறார்கள். எல்லைக்கு வெளியே உள்ள லிசே, தன் எல்லைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தபின் மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களைப் பார்க்கும். மிச்சம் இல்லையென்றால் முதல் சுற்றில் பிள்ளை எங்கும் இல்லை. சொந்த எல்லை லிசேயைக் கடைசி வரியிலாவது எழுதுங்கள்.

எல்லை தாண்டக் கேட்பதற்கு ஏற்ற காரணங்கள் உண்டு: ஊனம், அருகில் நடக்கும் மருத்துவச் சிகிச்சை, உதவித்தொகை, அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ இருப்பது, எல்லையோரத்து வீடு, தனிப்பட்ட பாடவழி. தமிழ் இந்தக் கடைசிக் காரணத்தில் வருகிறது. லிசே இறுதித் தேர்வான பாக்கலோரேயாவில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், ஆனால் அதைச் சொல்லித்தரும் பள்ளிகள் தீவில் சிலவே. உங்கள் எல்லை லிசேயில் தமிழ் இல்லையென்றால் அதை எழுதிக் கேளுங்கள். தமிழ் என்ற ஒன்றுக்காகவே இடம் உறுதி என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். தனியார் கோலேஜ் பார்க்கும்போதும் தமிழ் வகுப்பு உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் ஒப்பந்தத் தனியார் கோலேஜுக்குப் பயனே இல்லையா? தனியார் லிசேக்குப் போகிற குடும்பத்துக்கு உண்டு, அதுவும் நன்றாகவே. தனியார் லிசேக்கு எல்லைக்கோடு கிடையாது. கடைசி இரண்டு வருட மதிப்பெண் தாள், ஒரு நேர்காணல், தலைமையாசிரியரின் முடிவு, அவ்வளவுதான். அதே நிர்வாகத்தின் கோலேஜிலிருந்து வரும் பிள்ளையைப் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அரசுச் சுற்று தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே இந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். மே மாதம் போய் நின்றால் காத்திருப்போர் பட்டியல்தான்.

எகோல் கட்டத்தில் எங்கள் தீர்ப்பு அரசுப் பக்கம் சாய்கிறது. முன்னுரிமைக் கல்வி வலயங்களில், அதாவது 'ரெப்' பள்ளிகளில், 2017இல் தொடங்கிய மாற்றத்தால் முதல் இரண்டு வகுப்புகளைப் பிரித்து, ஒரு வகுப்புக்கு ஏறத்தாழ 12 பிள்ளைகள் என்று வைத்திருக்கிறார்கள். தீவில் இத்தகைய வலயங்கள் நிறைய. பிள்ளை பிரெஞ்சு வாசிக்கப் பழகும் நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளை அருகிலும் உட்கார முடிவது பெரிய காரியம். தனியார் பள்ளிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே வகுப்பு சிறியதாக இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை, தலையை எண்ணிப் பாருங்கள்.

கோலேஜை எடைபோட, கோலேஜ் இறுதித் தேர்வான பிரெவேயின் தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தால் விகிதம் தானாக ஏறும். பிள்ளைகளின் பின்னணியைக் கணக்கில் எடுத்து, பள்ளி எவ்வளவு கூட்டிக்கொடுத்தது என்று கல்வி அமைச்சகம் வெளியிடும் 'ஈவாக்' எண்கள் உள்ளன. ஒப்பந்தத் தனியார் கோலேஜ்களுக்கும் உண்டு. இன்னொன்று: பிரெவே தவறினாலும் லிசே செல்லலாம். மேல்வகுப்பை முடிவு செய்வது வகுப்பு ஆசிரியர் குழு. 2026 முதல் பிரெவேயில் 60 விழுக்காடு இறுதித் தேர்வு, 40 விழுக்காடு ஆண்டு முழுதும் பெற்ற மதிப்பெண்.

ஒப்பந்தம் இல்லாத பள்ளியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிரெவேயைத் தனித்தேர்வராக எழுதுவார். ஆண்டு மதிப்பெண் சேராது, முழுப் பாரமும் இறுதித் தேர்வின் மேல் விழும். அரசு உதவித்தொகையும் பொதுவாகக் கிடையாது. மொழிச் சிக்கலோ உடல்நிலையோ காரணமாக ஓரிரு வருடம் அங்கே விட நேர்ந்தால், லிசேக்கு முந்தின வருடமே ரெக்தோரா என்ற அரசுக் கல்வி அலுவலகத்தில் நுழைவுத் தேர்வுத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி சொல்லும் என்று இருந்தால் தேதி கடந்துபோகும்.

ஆசிரியர் குழு பொதுப் பிரிவு வேண்டாம், தொழிற்பிரிவுக்குப் போகட்டும் என்றால் முதலில் தலைமையாசிரியரோடு பேச்சு. அதிலும் ஒத்துவரவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு வேலைநாள் மூன்றுதான். ஒப்பந்தத் தனியார் பள்ளிகளுக்குத் தனி மேல்முறையீட்டுக் குழு உண்டு. தொழிற்பிரிவுக்கு முகவரி உதவாது. மதிப்பெண் பேசும், தொழிலுக்கேற்பப் பாடங்களின் எடை மாறும்.

முடிவு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வரும். ஊருக்கு விமான டிக்கெட் எடுப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிருங்கள்: லிசே சொன்ன நாளுக்குள் பெயர் பதியாத இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.