நிக்கான் 200-500 லென்ஸும் காட்டுப் புலிகளும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிக்கான் 200-500 மி.மீ. எஃப்5.6 லென்ஸ் 2015 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் வந்த நிக்கான் டி500 கேமரா பாடியில் மாட்டி, பெரும்பாலும் புலி, சிறுத்தை, எப்போதாவது காட்டுப்பூனை எடுக்கவே நான் இதைப் பயன்படுத்தி வருகிறேன். பறவை எடுப்பவர்கள் இந்த லென்ஸைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு 500 மி.மீ.கூடப் போதாது. பெரும்பூனை எடுப்பவர்களின் கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே.

500 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் இதை வாங்குகிறார்கள். சஃபாரியில் வேலை செய்வது பெரும்பாலும் 200 முனைதான். 2012இல் தேசியப் புலிகள் காப்பக ஆணையம் வெளியிட்ட சுற்றுலா வழிகாட்டுதலில், வண்டி விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த 20 மீட்டரில் புலி பாதை ஓரமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி500இன் சென்சார் அகலம் 23.5 மி.மீ. 500இல் வைத்துப் பார்த்தால் சட்டத்துக்குள் ஒரு மீட்டர் அகலம்கூட முழுதாக வராது; தலையும் தோளும் மட்டும் வரும். 200க்கு இறக்கினால் 2.35 மீட்டர் கிடைக்கும். வளர்ந்த ஆண் புலி மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்று மீட்டரை நெருங்கும். அதாவது வழிகாட்டுதல்படி நிற்க வேண்டிய குறைந்தபட்சத் தூரத்தில், இந்த லென்ஸின் மிகக் குட்டையான நீளத்தில்கூட, டி500இல் புலி வாலோடு அடங்காது.

அதனால் முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த 'டி500இன் சின்ன சென்சாரால் 1.5 மடங்கு கிராப், 750 மி.மீ. கிடைக்கும்' என்ற பேச்சை இப்போது நான் எடுப்பதில்லை. பெரிய சென்சார் உள்ள முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) பாடியில் மாட்டினால் 20 மீட்டரில் 3.6 மீட்டர் அகலம் கிடைக்கும். புலியும் அடங்கும், அது நிற்கும் மூங்கில் புதரும் கொஞ்சம் அடங்கும். புலிக்கு மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதை முழுச் சட்ட பாடியோடு சேர்த்து வாங்குங்கள். டி500தான் இருக்கிறது என்றால் ஒரு 70-200ஐயோ, குறைந்தபட்சம் கைபேசியையோ மடியில் தயாராக வையுங்கள். 500க்கு உண்மையான வேலை இருப்பது 40 முதல் 60 மீட்டர் வரைதான். நீர்நிலையின் மறுகரையில் புலி படுத்திருக்கும்போது, கருமருதின் கிளையில் சிறுத்தை தொங்கவிட்ட கால்களோடு தூங்கும்போது அதன் அருமை தெரியும். அதைத் தாண்டி 100 மீட்டரில் புலி போனால் படம் வரும், சாட்சிக்கு ஆகும். மகாராஷ்டிரத்தின் தடோபா காப்பகத்தில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் அனல் அலையில் கோடு கோடாக இருக்க வேண்டிய புலி கலங்கித் தெரியும். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, எத்தனை லட்சம் கொடுத்தாலும்.

இனி சூம் வளையம். இந்த லென்ஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். 200லிருந்து 500க்கு ஒரே திருகலில் போகாது. கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருக வேண்டும். படுத்திருக்கும் புலிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் புலி பாதையில் ஏறி நேராக வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தால், அரை நிமிடத்தில் 60 மீட்டர் 20 மீட்டராகிவிடும். ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுப்பார், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அந்த ஆட்டத்தில் வளையத்தை இரண்டு தடவை பிடித்துத் திருக வேண்டியிருக்கும். 2023இல் வந்த நிக்கான் இசட் 180-600இல் வளையத்தை 70 டிகிரி திருகினால் முழு நீளமும் வந்துவிடுகிறது, லென்ஸும் வெளியே நீளுவதில்லை. நண்பரின் லென்ஸை வாங்கி ஒரு காலை சஃபாரி முழுக்க எடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு விஷயத்துக்காகவே மாற்றலாம். நான் இன்னும் மாற்றவில்லை. புலி எழுந்து நடந்ததும் 300க்கு இறக்கி அங்கேயே விட்டுவிடுவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நெருங்கி வந்தால் முகம் மட்டும், தூரத்தில் இருந்தால் காட்டோடு சேர்த்து. நடுவில் வளையத்தைத் தொடுவதில்லை.

முகம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 20 மீட்டரில் 500இல் எஃப்5.6 திறப்பில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரைச் சாண் அளவுதான். 10 மீட்டருக்கு வந்துவிட்டால் (புலி தானாக நடந்து வருவதை வழிகாட்டுதல் தடுக்காதே!) நாலு விரற்கடை. மூக்கு தெளிவாக இருக்கும், கண் மங்கிவிடும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் புலியின் கண் மேல் வைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையை 6 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று கட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது. சஃபாரியில் நான் அதை மாற்றுவதே இல்லை. வண்டியின் பக்கத்தில் ஆடும் புல்லுக்குத் தாவி ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும் தொல்லை அதில் பாதி குறையும்.

வெளிச்சம் என்று வந்தால்தான் இந்த லென்ஸ் திணறும். புலியும் சிறுத்தையும் நடமாடுவது விடிந்த முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும். கர்நாடகத்தின் கபினியில் தேக்கங்காட்டுக்குள் அந்த நேரத்தில் எஃப்5.6 என்பது கஞ்சத்தனமான திறப்பு. நடக்கும் புலிக்கு 1/500 நொடி வேகம் வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400க்கு ஏற்ற நேரிடும், படத்தில் இரைச்சலும் ஏறும். திறப்பு பெரிதான எஃப்4, எஃப்2.8 லென்ஸ்காரர்கள் பக்கத்து வண்டியில் பாதி, கால்வாசி ஐஎஸ்ஓவில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் இதைப் பார்த்து வயிறு எரியும். 2023இல் லைட்ரூம் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் வசதி வந்த பிறகு அந்த எரிச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. பழைய ரா கோப்புகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தள்ளி வைத்திருந்த அந்தி நேரத்துச் சிறுத்தைகள் பல அச்சுப் போடும் தரத்துக்கு வந்தன. பின்னணியின் மென்மை மட்டும் மென்பொருளால் வராது. உன்னிப் புதருக்குள் இருக்கும் புலியை எஃப்5.6இல் எடுத்தால் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரியும்.

பூனை இனங்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அவை அசையாமல் உட்காரும். உட்கார்ந்திருக்கும் புலிக்கு 1/125 நொடி போதும், கை நடுக்கத்தை லென்ஸின் விஆர் (நடுக்கம் குறைக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும். நிக்கான் சொல்லும் கணக்கு 4.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). என் கையில் அதில் பெரும்பகுதி கிடைக்கிறது, ஆனால் இன்ஜின் அணைந்திருந்தால்தான். டீசல் வண்டி உறுமிக்கொண்டிருந்தால் வண்டிக் கம்பியில் வைத்த லென்ஸுக்கு அந்த அதிர்வு முழுக்க ஏறும். "அண்ணா, இன்ஜின் ஆஃப் பண்ணிடுங்களேன்" என்று கேட்க முதுமலையில் தயங்க வேண்டியதில்லை. கபினியிலும் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தமிழ் புரியும். இன்ஜின் அணைந்தால் புலிக்கும் நல்லது.

ட்ரைபாட் காலரோடு சேர்த்து 2.3 கிலோ. சஃபாரி ஜிப்சி ஜீப்பில் ட்ரைபாட் விரிக்க இடமில்லை, ஒற்றைக்கால் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பவர் காலை மிதிக்கும். லென்ஸைத் தாங்கும் பீன் பேக் என்ற துணிப்பை ஒன்றுதான் வழி. அதைக் காலியாகக் கொண்டு போய், இறங்கும் ஊரில் மளிகைக் கடையில் இரண்டு கிலோ பச்சரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன். திரும்பும்போது தங்கும் விடுதிச் சமையலறைக்குக் கொடுத்துவிடலாம். மணல் நிரப்பினால் தையல் வழியாகக் கசிந்து லென்ஸ் மேல் விழும்.

தூசி பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே நீளும் எந்த சூம் லென்ஸும் நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். தடோபாவின் செம்மண் பாதையில் முன்னால் ஒரு வண்டி போனாலே போதும். வண்டி ஓடும்போது லென்ஸை 200இல் சுருக்கிப் பூட்டிவிட்டு, மேலே ஒரு பழைய தலையணை உறையைப் போர்த்திவிடுவேன். விலை கொடுத்து வாங்கிய மழை உறையைவிடத் தலையணை உறைதான் சட்டென்று கழற்ற வருகிறது.

இடங்களைப் பொறுத்தும் லென்ஸின் மதிப்பு மாறுகிறது. சென்னையிலிருந்து கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்தால் தடோபாவுக்குச் சந்திராபூரில் இறங்கலாம். அங்கே கோடையில் நீர்நிலைகளை ஒட்டிப் புலி வெட்டவெளியில் கிடைக்கும், 200-500இன் முழு நீளமும் பயன்படும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உள்காடு மூடியிருக்கும். ஜெய்ப்பூர் ஜாலானாவில் சிறுத்தை பாறை மேல் உட்காரும். பாறைக்கும் பாதைக்கும் இடையில் இந்த லென்ஸ் அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். முதுமலையில் கதை வேறு. தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வேனின் ஜன்னல் வழியாக இவ்வளவு பெரிய லென்ஸை நீட்டுவது பக்கத்துச் சீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள் இருந்தும், உன்னிச்செடி அடைத்த நம் காடுகளில் புலி தென்படுவது அபூர்வம். முதுமலைக்கு நான் இப்போது சின்ன லென்ஸோடுதான் போகிறேன். யானையும் காட்டெருதும் கிடைக்கும், போதும். மைசூர் சாலையில் வண்டியை நிறுத்தி இதை வெளியே எடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், அபராதம் நிச்சயம், அது நியாயமும்கூட.

கருஞ்சிறுத்தை எடுப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அது தனி இனமில்லை, பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் ஒடுங்கு மரபணுவால் கறுத்த சாதாரணச் சிறுத்தைதான். கேமரா கறுப்பைப் பார்த்ததும் படத்தை வெளுக்கவைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். பக்கவாட்டு வெயில் விழுந்தால் கறுப்புக்குள் பூப்பூவாகப் புள்ளிகள் தெரியும், அதற்கு இந்த லென்ஸின் கூர்மை தாராளமாகப் போதும். துரும்பன் பூனை போன்ற சின்னப் பூனைகள் இரவில் நடமாடுபவை. அவற்றுக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம், லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு செலவு: ஒரு 8x42 பைனாகுலர். லென்ஸுக்கு முன்பே இதை வாங்கச் சொல்வேன். 500 மி.மீ. வழியாகப் பார்த்தால் தெரிவது காட்டில் ஒரு சன்னல் அளவு. கடமான் குரல் கொடுத்தது எந்தப் பக்கம், மந்தி எந்த மரத்திலிருந்து கீழே பார்த்துக் கத்துகிறது, புள்ளிமான்கள் எல்லாம் எந்தத் திசையில் காதை நிமிர்த்தி நிற்கின்றன என்பதெல்லாம் சட்டத்துக்கு வெளியே நடப்பவை. புலியே கிடைத்த பிறகும், அது மரத்தில் சிறுநீர் பீய்ச்சிவிட்டுத் திரும்பி முகர்ந்து உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டுவது, குட்டி பின்னாலேயே வரும்போது தாயின் காதுக்குப் பின்புற வெள்ளைப் பொட்டுகள் புல்லுக்கு மேல் தெரிவது — இவற்றை முதலில் கண்ணால் பார்க்கப் பழகினால் கேமராவை எப்போது தூக்க வேண்டும் என்பது தானாக வரும். இரண்டு புலிகளின் வரிகள் ஒன்றாக இருக்காது. ஒரே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. அதனால் முடிந்தால் இரண்டு விலாவையும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே காட்டில் அதே புலியா என்று வீட்டில் உட்கார்ந்து ஒப்பிடும் சுகம் தனி.

சரி, இப்போது பழையதாக வாங்கலாமா? வாங்கலாம். 200 முதல் 500 வரை ஒரே எஃப்5.6 என்பது இந்த விலை வட்டத்தில் இன்னமும் பெரிய விஷயம். 180-600இல் சூமைக் கூட்டினால் திறப்பு எஃப்6.3க்குப் போய்விடும். பழைய நிக்கான் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நண்பரின் இசட் 8இல் மாட்டிப் பார்த்தபோது விலங்கின் கண்ணைப் பிடிக்கும் வசதி புலி முகத்தில் நன்றாகவே வேலை செய்தது. முன்னால் மூங்கில் இலை குறுக்கிட்டால் மட்டும் இலைக்குத் தாவுகிறது. கடையில் பார்க்கும்போது 500 வரை நீட்டி, டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்; கடலோர ஊர்களில் இருந்து வரும் லென்ஸ் என்றால் கட்டாயம். ஃபில்டர் அளவு 95 மி.மீ., நல்லதாக வாங்கினால் கை கடிக்கும், ஹூட் மட்டும் போதும். இதன் திறப்பு மின்னணு முறையில் இயங்குவதால் டி90, டி80, டி200 போன்ற பழைய பாடிகளில் எஃப்5.6ஐ விட்டு நகராது. ஃபிலிம் கேமராவிலும் அப்படியே. டி7000, டி300 என்றால் கவலையில்லை.