லாஸ் வேகாஸில் ஆறு ஓடுகிறதாம்: யாழ்ப்பாணத்தில் கிண்டில் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு கடையில் 37,500 ரூபா கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அதில் 34,000, அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலுக்கு. மீதி 3,500 அதற்குள் ஏற்றித் தந்த ‘இருநூறு ஊர்ப் பயண வழிகாட்டிகளுக்கு’. கருவி பழையது, அதுவும் யாரோ தொலைத்தது. வழிகாட்டிகளை எழுதியவர் என்று ஒருவர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவில் இதே முறையில் ஏமாறுவதைவிட, முறையைத் தெரிந்து வைத்திருப்பது உங்களுக்கு நல்லது.

என் பலவீனத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன், கடைக்காரத் தம்பி கொக்கி போட்டது அதில்தான். எனக்கு அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ் என்றால் பைத்தியம். சூதாட்டப் பைத்தியம் இல்லை. வாழ்நாளில் நான் ஆடிய சீட்டாட்டம், நம் ஊரில் ஆடும் ‘304’ என்ற ஆட்டம் மட்டும், பந்தயம் ஒரு தேநீரைத் தாண்டியதில்லை. 1994இல் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய ஆங்கிலப் பயண வழிகாட்டி ஒன்றை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம் அது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து எரித்த ஜாம் போத்தல் விளக்கில், இரவைப் பகலாக்கும் ஒரு தெருவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. அங்கே ஒருநாளும் போனதில்லை. ஆனால் எந்த ஹோட்டல் எந்த ஆண்டில் திறந்தது, எது எப்போது இடிந்தது என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ‘ஸ்ட்ரிப்’ என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற நெடுந்தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் மாநகர எல்லைக்குள் இல்லை என்பது அங்கே போய் வந்த பலருக்கே தெரியாது.

அந்தப் பழைய வழிகாட்டியில் டியூன்ஸ் ஹோட்டலுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அதை வாய் பிளந்து வாசித்த நேரத்தில் டியூன்ஸ் இருக்கவில்லை. 1993 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் 1998இல் பெலாஜியோ வந்தது. இது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நூலின்மேல் எனக்குக் கோபமில்லை. அச்சான ஆண்டை உள்பக்கத்தில் போட்டிருந்தார்கள், யாரோ ஒருவர் அந்த ஹோட்டலின் படிகளில் உண்மையாகவே ஏறி இறங்கி எழுதியிருந்தார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிண்டில் வாங்குவதற்கு வீட்டில் நான் சொன்ன காரணம் வேறு. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இருக்கும் ஈழத்து நூல்களைக் கண் நோகாமல் வாசிக்கலாம் என்றேன். (அவற்றில் மிகப் பல, பக்கங்களை அப்படியே படமெடுத்த பி.டி.எஃப் கோப்புகள். ஆறு அங்குலத் திரையில் எழுத்துகள் எறும்பு வரிசையாகத்தான் தெரியும். அந்த நோக்கத்துக்கு யாராவது வாங்க நினைத்தால் பெரிய திரை பார்த்து வாங்குங்கள்.) உண்மைக் காரணத்தைக் கடையில் என் வாயே காட்டிக்கொடுத்தது. தம்பி காட்டிய பட்டியலில் லாஸ் வேகாஸ் என்ற பெயரைக் கண்டதும், “இது 2025ஆம் ஆண்டுப் பதிப்பா?” என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வழிகாட்டிகளைப் பற்றியே பேசினார்.

“2022இல் வந்த மாடல், ஐயா. புத்தம் புதியது, பெட்டி உடைக்கவில்லை” என்றார். பெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்றுதான் இருந்தது. பெட்டி உடைக்காத கருவிக்குள் இருநூறு நூல்கள் எப்படி ஏறின என்று கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கிய பிறகு ஓர் அறிவுரையும் தந்தார்: “வைஃபையை ஒருநாளும் போட்டுவிடாதீர்கள், ஐயா. போட்டால் ஏற்றித் தந்த புத்தகங்கள் எல்லாம் அழிந்துவிடும்.” பிள்ளை அக்கறையாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

வீட்டில் சார்ஜ் போட எடுத்தபோதுதான் முதல் சந்தேகம். அடியில் இருந்த துவாரம் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. 2022இல் வந்த அடிப்படைக் கிண்டிலில் இருப்பது சி வகைத் துவாரம். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகும். அதன் திரையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், கொள்ளளவு 16 ஜி.பி. என் கையில் இருந்தது 2019ஆம் ஆண்டு மாடல், 167 புள்ளிகள். ஆங்கிலம் வாசிப்பவருக்கு இது பெரிதாக உறைக்காது. தமிழில் உறைக்கும். ‘ணை’, ‘இ’, ‘ஞா’ என்று சுழி நிறைந்த எழுத்துகளின் உள்வளைவுகள் அடைபட்டு மை கொட்டியதுபோல் தெரிந்தன. கருவியைத் திருப்பினேன். பின்புறம் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை நீள்சதுரமாக மங்கித் தெரிந்தது, விரல் வைத்தால் ஒட்டியது. கீழ் இடது மூலையில் அரிசி அளவு ஒரு நொறுங்கல்.

மறுநாள் தம்பியின் அறிவுரையை மீறி வைஃபையைப் போட்டேன். புத்தகங்கள் அழியவில்லை. என் அமேசான் கணக்கில் பதிவு செய்யப் போனால் கருவி மறுத்தது. வாடிக்கையாளர் சேவைக்குத் தொடர் எண்ணை அனுப்பிக் கேட்டேன். முந்தைய உரிமையாளர் தொலைந்துவிட்டதாக அறிவித்த கருவி, அதை வேறு எந்தக் கணக்கிலும் பதிய முடியாது என்று பதில் வந்தது. வைஃபை போடக்கூடாததன் இரகசியம் அதுதான். பதியாத கிண்டிலில் அமேசானின் கடையிலிருந்து ஒரு நூலும் வாங்க முடியாது. யாராவது கம்பி வழியாக ஏற்றித் தந்ததைத்தான் வாசிக்கலாம்.

சரி, வழிகாட்டிகளாவது மிஞ்சின என்று லாஸ் வேகாஸைத் திறந்தேன். அட்டையில் 2025 என்று பெரிதாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில், மிராஜ் ஹோட்டலின் முன்னே இரவுதோறும் எரிமலை வெடிப்பதைக் காணத் தவறாதீர்கள் என்றது. மிராஜ் 2024 ஜூலை 17ஆம் திகதி மூடப்பட்டுவிட்டது. டிராப்பிகானாவில் தங்கினால் சிக்கனம் என்றது. டிராப்பிகானா 2024 ஏப்ரலில் மூடி, அக்டோபரில் தரைமட்டமானது. விமான நிலையத்தில் இறங்கியதும் மோனோரயிலில் ஏறுங்கள் என்றது. அந்த மோனோரயில் விமான நிலையப் பக்கமே போவதில்லை, ஒருநாளும் போனதில்லை. டியூன்ஸ் கதையோடு இதைச் சேர்க்க முடியாது. பழைய நூலில் இருந்தவை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. விமான நிலைய மோனோரயில் எந்தக் காலத்திலும் உண்மையாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் உச்சம்: ‘மாலை வேளையில் நகரின் ஆற்றங்கரையோரம் உலாவி, உள்ளூர் மக்களின் கனிவை அனுபவியுங்கள்.’ மொஹாவி பாலைவனத்தின் நடுவே இருக்கும் நகரம் அது. சந்தேகத்தில் மக்காவு வழிகாட்டியைத் திறந்தேன். அதே ஆற்றங்கரை, அதே கனிவு, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனால் யாழ்ப்பாணமும் இருந்தது!

அந்தப் பகலை நான் மறக்க மாட்டேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் இருந்து உரக்க வாசித்தேன். கோட்டையை ஆங்கிலேயர் கட்டினார்களாம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரித்தெடுத்த கோட்டை. நெடுந்தீவுக்கு ரயில் ஓடுகிறதாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் வரிசையில் நின்று படகேறியவர்களைக் கேளுங்கள். நல்லூர்த் திருவிழா ஜனவரியிலாம். காரைநகரில் இருக்கும் கசுரினா கடற்கரைக்கு நகரிலிருந்து பத்து நிமிட நடையாம். கடைசியில் வந்தது: ‘மாலை வேளையில் நகரின் ஆற்றங்கரையோரம் உலாவி...’ மனைவி துருவுவதை நிறுத்தினார். “அந்த ஆற்றை ஒருக்கால் எனக்கும் காட்டுங்கள், இத்தனை வருடமாகக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறேன்” என்றார். குடாநாடு முழுவதற்கும் இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான்.

சிரித்து விட்டுவிடலாம்தான். ஆனால் ரொறொன்ரோவில் இருக்கும் தங்கை மகள் அடுத்த விடுமுறைக்கு லாஸ் வேகாஸ் போகிறாள். “மாமா, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தாள். சூதாட்ட மேசைகளைப் பற்றி இந்த நூல் எழுதியதை நம்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? எண்ணிட்ட பள்ளங்களில் பந்து விழும் ரூலெட் சக்கரங்களில் அங்கே ஒரே ஒரு பூச்சியம்தான், வைக்கும் பணத்தில் கசினோவின் இலாபம் 2.7 வீதம் என்கிறது. அது ஐரோப்பியச் சக்கரத்தின் கணக்கு. அமெரிக்காவில் வழக்கமான சக்கரத்தில் இரண்டு பூச்சியங்கள், 38 பள்ளங்கள். இலாபம் 5.26 வீதம். நெடுந்தெருவில் மூன்று பூச்சியச் சக்கரங்களும் இருக்கின்றன, அதில் 7.69 வீதம். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் பத்து டொலர் வைத்து, முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் முன்பு பதினைந்து டொலர் கொடுப்பார்கள். இப்போது பல மேசைகளில் பன்னிரண்டுதான். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அறை வாடகைக்கு மேல் வாங்கும் ‘ரிசோர்ட் கட்டணம்’ பற்றியும் இல்லை. அந்தக் கட்டணத்தை மறைக்காமல் மொத்த விலையாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசே 2025 மே மாதம் முதல் விதி கொண்டுவந்திருக்கிறது என்றால், அதில் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள் என்று பாருங்கள்.

இப்படிப்பட்ட போலி வழிகாட்டிகள் இணையக் கடைகளில் மலிந்திருப்பதைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் 2023 ஆகஸ்டிலேயே விரிவாக எழுதியது. இயந்திரம் எழுதிய பக்கங்கள், இல்லாத எழுத்தாளர், கூலிக்கு எழுதிய பாராட்டுகள். நம் கடைக்காரர் செய்தது அவற்றை மொத்தமாக இறக்கி 3,500 ரூபாவுக்கு விற்றது மட்டும். வாங்குமுன் ஒன்று செய்யுங்கள்: அதே தொகுதியில் உங்கள் சொந்த ஊரைப் பற்றிய நூல் இருந்தால் அதைத் திறந்து ஒரு பக்கம் வாசியுங்கள். ஊர் இல்லாவிட்டால் நீங்கள் நன்கு அறிந்த ஏதாவது ஒரு இடம். நான் அட்டையைப் பார்த்து மயங்கி நின்ற நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

நல்ல வழிகாட்டியே கிடைத்தாலும் கிண்டிலில் அது சுகமில்லை என்பது என் கருத்து. கதை வாசிக்கும்போது ஒரே திசையில் பக்கம் திருப்புகிறோம், கருவி அதற்கு ஏற்றது. வழிகாட்டியை அப்படி யாரும் வாசிப்பதில்லை. வரைபடத்தில் ஒரு விரல், உணவுக்கடைப் பட்டியலில் ஒரு விரல் என்று இரண்டு மூன்று பக்கங்களைப் பிடித்துக்கொண்டு தாவித் தாவித்தான் வாசிப்போம். கிண்டிலின் மின்மைத் (ஈ-இங்க்) திரையில் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் இடம் மாறித்தான் படம் உருவாக வேண்டும். வரைபடத்தைப் பெரிதாக்கினால் ஒருமுறை கறுத்து, ஒருமுறை வெளுத்து, முந்திய பக்கத்தின் நிழலோடு வந்து நிற்கும். கறுப்பு வெள்ளைத் திரை என்றால், வண்ணத்தால் பிரித்துக் காட்டிய பஸ் பாதைகள் எல்லாம் ஒரே சாம்பல்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இல்லை. மூன்று தடவை போனேன். முதல் தடவை முதலாளி இல்லை. இரண்டாம் தடவை பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அதில் ‘டெப் – 1’ (டேப்லட் ஒன்று) என்று மட்டும் எழுதியிருந்தது. மாடல் இல்லை, தொடர் எண் இல்லை, முத்திரையும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் ‘டெப் – 1’ஐ வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? பற்றுச்சீட்டில் மாடலின் ஆண்டையும் தொடர் எண்ணையும் எழுதுவித்து வாங்குங்கள். அந்த எண்ணைக் கருவிக்குள் இருக்கும் விவரப் பக்கத்தோடும் பெட்டியோடும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கடையில் நின்றபடியே உங்கள் கைத்தொலைபேசியின் இணையத்தைக் கொடுத்து, உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். பதிந்த பிறகு பணம். கடைக்காரர் மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் தடவை, இது யாரோ தொலைத்த பொருள், பொலிசில் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். முதலாளி உள்ளே கூட்டிச் சென்று கதிரை போட்டார், சோடா வந்தது. “எங்களுக்கும் வேறொருவர் தந்ததுதான், ஐயா. பிரச்சினை வேண்டாம்” என்று 20,000 ரூபாவை மேசையில் வைத்தார். நான் பொலிசுக்குப் போயிருக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு கருவியை வைத்துவிட்டு வந்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை அந்த வழியாகப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் கிண்டில் ஒன்று நின்றது. புதிய உறை, விலைச்சீட்டில் 36,000. உறைக்கு மேலாகக் கீழ் இடது மூலையில், அரிசி அளவில், அந்த நொறுங்கல் தெரிந்தது.