மருந்து எடுக்கும்போது எடை நின்றுவிட்டதா? சாப்பாட்டைக் குறைப்பதா, டோஸைக் கூட்டுவதா, மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதா

எடை இறங்குவது நின்றதும் பெரும்பாலானோர் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் சாப்பாட்டை இன்னும் குறைப்பார்கள். பிறகு விரதம், அதற்குப் பிறகு கூடுதல் நடை. எதுவும் அசையாவிட்டால் எடை குறைப்பு ஊசியின் டோஸைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் போவார்கள். ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளில் எடையை ஏற்றும் மாத்திரை இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும். மருந்து எடுக்காதவருக்கு இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. மருந்து எடுப்பவருக்கு இதைத் தலைகீழாக்கியாக வேண்டும்.

நின்றது எடையா, நீரா

இரண்டு வாரம் முள் அசையாததைத் தேக்கம் என்று சொல்ல முடியாது. காலையில் கழிப்பறை போய்வந்து, எதையும் சாப்பிடுவதற்கு முன் தினமும் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள். எட்டு வாரச் சராசரிகளில் அரைக் கிலோகூட இறங்காமல் இடுப்புச் சுற்றளவும் அப்படியே இருந்தால்தான் அது தேக்கம். உப்பு கூடிய ஒரு நாள், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், புதிதாகத் தொடங்கிய எடைப் பயிற்சி ஆகிய எதுவும் ஒன்றிரண்டு கிலோ நீரைக் கோத்து, கரைந்த கொழுப்பை மறைத்துவிடும்.

மருந்தும் இதைச் செய்யும். நீரிழிவு மாத்திரையான பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டான பிரெட்னிசொலோன், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், ஐபுப்ரொஃபென் வகை வலிநிவாரணிகள் நீரைத் தேக்கும். இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பத்து வினாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அங்கே இருப்பது நீர், அதற்குச் சாப்பாட்டைக் குறைத்துப் பயனில்லை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி மூச்சும் வாங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது இதயம் தொடர்பானதாக இருக்கலாம்.

உண்மையான தேக்கத்துக்குக் காரணம் உடலின் கணக்கு. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ சாப்பாட்டைச் சுமார் 100 கலோரி கூட்டத் தள்ளுகிறது. பத்துக் கிலோ குறைத்தவர் தொடக்கத்தில் வைத்திருந்த 500 கலோரிப் பற்றாக்குறை இந்த இரண்டுக்கும் நடுவில் கரைந்துபோகும். ஊசி வேலை செய்யவில்லை என்று அதை நிறுத்துகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2021இல் வெளியான ஸ்டெப் 4 ஆய்வில் எல்லோரும் 20 வாரம் செமாகுளுடைடு என்ற எடை குறைப்பு ஊசியை எடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு அவர்கள் அறியாமலே மருந்தில்லாத வெற்று ஊசி தரப்பட்டது. அடுத்த 48 வாரத்தில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் மேலும் 7.9 சதவீதம் குறைத்தார்கள், வெற்று ஊசிக்காரர்களுக்கு 6.9 சதவீதம் திரும்ப ஏறியது. எடை ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பதும் பல நேரம் மருந்தின் வேலைதான்.

முதல் வழி: மருந்துச் சீட்டு

பலன் பெரிது, பசி கிடையாது, ஆனால் இதைத்தான் யாரும் தொடுவதில்லை. நீரிழிவில் இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, பயோகிளிட்டசோன் ஆகியவை எடையை ஏற்றும். மெட்ஃபார்மின் ஏற்றாது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள் சற்றுக் குறைக்கும். இரத்த அழுத்தத்தில் அட்டெனொலால், மெட்டோபுரொலால், புரொப்ரனொலால் ஆகிய பீட்டா பிளாக்கர்கள் (இதயத்துடிப்பை அடக்கும் மாத்திரைகள்) கொஞ்சம் ஏற்றும், டெல்மிசார்டான் போன்றவை எடையைத் தொடுவதில்லை. பீட்டா பிளாக்கர்தான் வேண்டும் என்ற நிலையில் கார்வெடிலால் பொருந்துமா என்று கேட்கலாம். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் வால்புரோயேட், காபாபென்டின், பிரிகாபலின் எடையைக் கூட்டும். லாமோட்ரிஜின் நடுநிலை. டோபிராமேட் எடையைக் குறைக்கும், ஆனால் கர்ப்பத்தில் அது கருவுக்குக் கேடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் சிலருக்குச் சத்தமில்லாமல் எடையை ஏற்றிக்கொண்டிருக்கும்.

மனநல மருந்துகளில் மட்டும் வேறு கணக்கு. ஓலான்சபின், குளோசபின், குவெட்டியபின், மிர்ட்டாசபின், பராக்ஸெட்டின் ஆகியவை எடை ஏற்றுவதில் முன்வரிசை. இருந்தாலும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு ஒருவருக்கு நோய் அடங்கியிருக்கிறது என்றால் ஆறு கிலோவுக்காக அதை அசைப்பது தவறான பேரம். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு மெட்ஃபார்மின் சேர்ப்பது போன்ற வழிகளை மனநல மருத்துவரிடம் பேசலாம்.

எந்த மாற்றத்தையும் நீங்களாகச் செய்யக்கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம். வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு வரலாம். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த பிரெட்னிசொலோனைச் சட்டென்று விட்டால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிடலாம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இதே வேலையைச் செய்து எடையை ஏற்றாத மாற்று எனக்குப் பொருந்துமா?”

டோஸ் கூட்டுவதா, வேறு ஊசிக்கு மாறுவதா

செமாகுளுடைடு 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4ஐ எட்டும். ஒரு மில்லிகிராமில் நின்றுபோன எடையைத் தேக்கம் என்று சொல்வது அவசரம், படி இன்னும் மிச்சமிருக்கிறது. வாந்தி, கடும் மலச்சிக்கல் இல்லையென்றால் கூட்டுவது நியாயம். குமட்டல் ஓயாதவருக்கு அதே டோஸில் இன்னும் நான்கு வாரம் இருப்பதே மேல். வாந்தியோடு டோஸைக் கூட்டினால் நீரிழப்பு ஏற்பட்டுச் சிறுநீரகம் அடிவாங்கும்.

உச்ச டோஸிலும் நின்றவருக்கு மாற்றம் பலன் தரலாம். சர்மவுண்ட் 1 ஆய்வில் (2022) டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி 72 வாரத்தில் 5 மில்லிகிராமில் சராசரியாக 15.0 சதவீதமும் 15 மில்லிகிராமில் 20.9 சதவீதமும் குறைத்தது. 2025இல் வெளியான நேரடி ஒப்பீட்டில் டிர்செபடைடுக்கு 20.2 சதவீதம், செமாகுளுடைடுக்கு 13.7 சதவீதம். இவை சராசரிகள். ஒரு தனிமனிதர் அதற்கு மேலேயும் கீழேயும் எங்கும் இருக்கலாம்.

மாறும்போது நடக்கும் பிழைகள் சில. இரண்டு ஊசியையும் ஒன்றாகப் போடக்கூடாது. செமாகுளுடைடின் உச்சத்திலிருந்து டிர்செபடைடின் உச்சத்துக்குத் தாவவும் கூடாது. இன்சுலினோ கிளிமெபிரைடோ கூடவே இருந்தால் அவற்றின் அளவை மருத்துவர் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கருத்தடை மாத்திரையின் பலனை டிர்செபடைடு குறைக்கும் என்பதால், தொடங்கிய நான்கு வாரமும் ஒவ்வொரு டோஸ் ஏற்றத்துக்குப் பிறகு நான்கு வாரமும் வேறு பாதுகாப்பு தேவை. முதுகுக்குப் பாயும் கடும் வயிற்றுவலி வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கணைய அழற்சியாக இருக்கலாம். தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவருக்கு இந்த வகை ஊசிகளே ஆகாது.

ஊசிக்குப் பதிலாக ஓர்லிஸ்டாட்டை யோசிப்பவர்களுக்கு: இது உணவிலுள்ள கொழுப்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும் மாத்திரை, உணவோடு 120 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. பலன் சுமார்தான், எண்ணெய் கசியும் மலம் நிச்சயத்துக்குப் பக்கம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இன்னொன்று: வேகம் கூட்டத் தைராய்டு மாத்திரையைத் தேவைக்கு மேல் எடுப்பது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு கரையும்.

இன்னும் குறைத்துச் சாப்பிடுவதா, தசையைக் காப்பதா

ஊசி போடுபவர் பலர் பசியே இல்லாமல் ஏற்கெனவே ஆயிரம் கலோரிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அதையும் வெட்டினால் போவது தசை. செமாகுளுடைடின் ஸ்டெப் 1 ஆய்வில் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளந்தபோது, இழந்த எடையில் சுமார் 40 சதவீதம் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பித்தக்கல்லும் சேரலாம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தக்கல் அபாயம் கூடுகிறது. 800 கலோரிக்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பில்லாமல் இறங்கவே கூடாது.

ஊசி இல்லாதவர் கதை வேறு. 1992இல் நடந்த ஓர் அளவீட்டில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எண்ணெயும் பானமும் கணக்கில் விழுவதில்லை. இவர்களுக்கு முதல் வேலை ஏழு நாள் உண்பதையெல்லாம் தராசில் நிறுத்து எழுதுவது. குறைப்பது அதற்குப் பிறகு, அதுவும் 300 முதல் 500 கலோரி போதும்.

இரு தரப்புக்கும் பொதுவானது புரதமும் எடைப் பயிற்சியும். உடல் எடையின் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம், வேளைக்கு 25 முதல் 30 கிராமாகப் பிரித்து, தட்டில் முதலில் சாப்பிட வேண்டியது அதுதான். அதிக உடல்பருமன் உள்ளவர் தற்போதைய எடைக்குப் பதில் இலக்கு எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு இந்த அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவே அளவு. வாரம் இரண்டு மூன்று நாள் ஆறேழு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை வீதம் இரண்டு மூன்று சுற்று, கடைசி இரண்டு முறை திணறலாக இருக்க வேண்டும். நடை வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 நோக்கிப் போகட்டும்.

பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு இலக்கு பொருந்தாது, மருந்து துடிப்பை அடக்கிவைத்திருக்கும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகம் சரி. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் பயிற்சிக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுத் தொடங்க வேண்டும்.

விரதமும், மாவுச்சத்தை வெட்டும் கீட்டோ உணவும்

வெறும் கலோரிக் குறைப்போடு ஒப்பிட்டால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. 2022இல் வெளியான, 139 பேர் கலந்துகொண்ட ஓராண்டு ஆய்வில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுக் கலோரியும் குறைத்தவர்கள் 8.0 கிலோ, கலோரி மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோ இழந்தார்கள். இந்த இடைவெளி புள்ளியியலில் தேறவில்லை. அபாயத்திலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எஸ்ஜிஎல்டி2 மாத்திரையோடு விரதமோ கீட்டோவோ சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இதில் சர்க்கரை 200க்குக் கீழேகூட இருக்கும், மீட்டர் நன்றாக இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பதே ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் கீட்டோன் சோதித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவருக்கு உப்பும் நீரும் குறைந்தால் மருந்து இரத்தத்தில் நச்சு அளவுக்கு ஏறும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் திடீரெனக் கீரையைக் குவித்தால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) இறங்கி மருந்தின் பலன் குறையும். இந்த மூன்றில் ஒன்று சீட்டில் இருந்தால் இந்த வழியை எங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம்.

எடையை அப்படியே பிடித்துவைப்பது

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. பத்து சதவீதம் குறைந்து அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தவர், அதே டோஸில் மூன்று முதல் ஆறு மாதம் எடையைப் பிடித்துவைத்திருப்பது தோல்வி அல்ல. இந்த இடைவெளியில் பழைய டோஸ்களைச் சரிபார்க்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அழுத்த மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம். உட்கார்ந்து ஒருமுறை, நின்ற மூன்றாம் நிமிடம் ஒருமுறை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரைக்கு டிஎஸ்எச் என்ற இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், எடை குறைந்தால் தேவையும் குறையும். மருத்துவரிடம் போகும்போது எட்டு வாரச் சராசரி எடை, இடுப்பளவு, ஏழு நாள் உணவுக் குறிப்பு, சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகள் உட்பட எல்லா மருந்தும் கையில் இருக்கட்டும்.