வெளிநாட்டில் வாடகைக் கார்: ஒன்பது வருஷ இன்ஷூரன்ஸ் அனுபவம்

2016-ல் போர்ச்சுகலின் ஃபாரோ விமான நிலையத்தில்தான் முதன்முதலாக வெளிநாட்டில் வாடகைக்குக் கார் எடுத்தேன். பிரிட்டனுக்குக் குடிவந்து இரண்டாவது வருஷம். எட்டு நாள் வாடகை 140 யூரோ. கவுண்டரில் இருந்தவர், "ஃபுல் கவர் எடுக்காவிட்டால் உங்கள் கார்டில் 1,600 யூரோ பிளாக் செய்வோம். எடுத்தால் ஒரு நாளைக்கு 24 யூரோ" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. 192 யூரோ கட்டிவிட்டுச் சாவியை வாங்கினேன். காரின் வாடகையைவிட அதற்கான பாதுகாப்புக்குக் கொடுத்தது அதிகம்.

அதிலிருந்து 2025 வரை 11 முறை கார் எடுத்திருக்கிறேன். சிசிலி, ஸ்பெயின், ஐஸ்லாந்து, கலிஃபோர்னியா, நியூசிலாந்து. இரண்டு முறை வண்டிக்குச் சேதம் ஆனது. ஒரு முறை பணம் திரும்பி வந்தது, ஒரு முறை வரவில்லை.

முதலில் அந்தக் கவுண்டரில் எதை விற்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் தேர்ட் பார்ட்டி காப்பீடு சட்டப்படி கட்டாயம், வாடகையிலேயே அடங்கிவிடும். கூடவே சி.டி.டபிள்யூ. (கொலிஷன் டேமேஜ் வெய்வர்) என்று ஒன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதை எல்லோரும் இன்ஷூரன்ஸ் என்கிறோம். உண்மையில் அது வாடகை நிறுவனம் தரும் ஒரு வாக்குறுதி: "வண்டிக்கு என்ன ஆனாலும் முழு விலையையும் உன்னிடம் கேட்க மாட்டேன், இந்தத் தொகை வரைதான் கேட்பேன்." அந்தத் தொகைக்குப் பெயர் எக்ஸஸ். ஃபாரோவில் அதுதான் 1,600 யூரோ. கவுண்டரில் தினசரிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தத் தொகையைப் பூஜ்யமாக்குகிறார்கள். ஆனால் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, தொலைந்த சாவி, மாற்றிப் போட்ட எரிபொருள் ஆகியவை பல ஒப்பந்தங்களில் அந்த வாக்குறுதிக்கே வெளியில் நிற்கும். "ஃபுல்" என்ற சொல்லை நம்பி இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஃபாரோவில் நானும் அப்படித்தான் போட்டேன்.

ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் ஒரு தோழி சொன்னார், எக்ஸஸுக்கு மட்டும் தனியாக வருடாந்தர பாலிசி கிடைக்கும் என்று. 48 பவுண்டுக்கு ஒன்று எடுத்தேன். வருஷத்தில் எத்தனை முறை கார் எடுத்தாலும் அதுவே போதும். கவுண்டரில் ஏறத்தாழ இரண்டு நாளுக்குக் கொடுக்கும் தொகை அது. இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: வாடகை நிறுவனத்துக்கும் இந்தப் பாலிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேதம் ஆனால் நிறுவனம் முதலில் என் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். நான் பிறகு கிளெய்ம் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் கிரெடிட் கார்டில் எக்ஸஸ் அளவுக்கு இடம் இருந்தே ஆகவேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல கவுண்டர்களில் வண்டியே தரமாட்டார்கள்.

2018-ல் சிசிலியில் இந்த ஏற்பாட்டுக்கு முதல் சோதனை வந்தது. ராகுசா ஊரின் பழைய பகுதியில் ஒரு கல் சந்து. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். திருப்பத்தில் படிக்கட்டின் ஓரக்கல் முன் இடது சக்கரத்தில் உரசியது. இறங்கிப் பார்த்தால் அலாய் விளிம்பில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கட்டானியா விமான நிலையத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஊழியர் நேராக அந்தச் சக்கரத்திடம் போய்க் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் கோட்டை இரண்டு முறை வருடிப் பார்த்தார். நகம் தட்டினால் சேதம், தட்டாவிட்டால் அழுக்கு. தட்டியது. 340 யூரோ, அதற்குமேல் நிர்வாகக் கட்டணம் 50 யூரோ.

வீடு வந்ததும் கிளெய்ம் போட்டேன். வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, கடைசி பில், பணம் போனதைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட், ஓட்டுநர் உரிமத்தின் நகல், படங்கள். இவ்வளவும் கேட்டார்கள். மூன்றே வாரத்தில் 340 யூரோவுக்கான பவுண்டு கணக்கில் ஏறியது. நிர்வாகக் கட்டணத்தை அந்தப் பாலிசி ஏற்கவில்லை. நான் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாலிசியின் மேல் எனக்கு அசையாத நம்பிக்கை வந்தது. அடுத்த வருஷமே அதை ஐஸ்லாந்து அசைத்துப் பார்த்தது.

கும்பகோணத்திலிருந்து அம்மா அப்பா வந்திருந்த கோடை அது. ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அம்மா பின்கதவின் பிடியை இழுத்ததுதான் தாமதம், காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து, கதவின் முன் விளிம்பு முன்கதவின் தகட்டில் போய்ப் பதிந்துவிட்டது. பிறகு அந்தக் கதவு மூடவே இல்லை. கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டு ரெய்க்யவிக் வரை ஓட்டினேன். வழியெல்லாம் அம்மா, "நான்தானேப்பா திறந்தேன், என்னாலதானே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "இல்லம்மா, காத்து பண்ணின வேலை" என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மனசு ஆறவில்லை.

1,85,000 க்ரோனா. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,200 பவுண்டு.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். காரணத்தைப் படித்தபோதுதான் மூன்று வருஷமாக நான் வைத்திருந்த பாலிசி என்னவென்றே எனக்குப் புரிந்தது. ஐஸ்லாந்தின் ஒப்பந்தங்களில் காற்று அடித்துக் கதவுக்கு வரும் சேதத்தைப் பொதுவாகச் சி.டி.டபிள்யூ.விலிருந்து விலக்கிவைப்பார்கள். விலக்கிவிட்ட பிறகு அங்கே எக்ஸஸ் என்ற ஒன்றே கிடையாது, முழுச் செலவும் ஓட்டியவர் தலையில். என் பாலிசியோ எக்ஸஸைத் திருப்பித் தருவது. டயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள், கதவின் கீல் அதில் இல்லை. அவர்கள் சொன்னது சரிதான். அந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

ஐஸ்லாந்து தனி உலகம் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஜல்லிக்கல் தெறிப்புக்கு ஒரு கவர், மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் இன்னொரு கவர். விக் ஊருக்குக் கிழக்கே மணற்புயல் அடித்தால் வண்டியின் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிடும். 'எஃப்' என்று தொடங்கும் மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிதான் போகலாம். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான கவர்கள் உதவாது. அந்த ஊரில் கவுண்டர் சொல்லும் கூடுதல் கவர்களை எடுத்துவிடுங்கள் என்பேன்.

2023-ல் கலிஃபோர்னியா போனபோது கவலை வேறாக இருந்தது. கீறலையும் பள்ளத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், எதிரில் வரும் மனிதருக்கு நம்மால் அடிபட்டால்? அங்கே கட்டாயத் தேர்ட் பார்ட்டிக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு அப்போது ஒருவருக்கு 15,000 டாலர், மற்றவர் சொத்துக்கு 5,000 டாலர். 2025 ஜனவரியிலிருந்து அது 30,000, 15,000 என்று உயர்ந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைச் செலவை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு சின்னது என்று தெரியும். பிரிட்டனிலிருந்து முன்பதிவு செய்யும்போது கூடுதல் லயபிலிட்டி, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கான கவர், பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. எனக்கு 10 லட்சம் டாலர் வரை இருந்தது. சென்னையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட மைத்துனர், இருப்பதிலேயே மலிவான விலையைப் பார்த்துப் பதிவு செய்திருந்தார். அவர் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் மட்டும்தான். "மச்சான், சக்கரம் உரசினா நம்ம பணம் போகும், ஆள் மேல மோதினா நம்ம வாழ்க்கையே போகும்" என்று சொல்லி, கவுண்டரிலேயே லயபிலிட்டியை ஏற்றச் சொன்னேன். நாள் கணக்கில் பணம் கட்டச் சொன்னதற்காக நான் ஒருபோதும் வருந்தாத கவர் அது.

நியூசிலாந்தில் விபத்தில் காயம் பட்டால் 1974 முதல் நடக்கும் அரசுத் திட்டம் வெளிநாட்டுப் பயணிகளின் சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. ஆனால் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டிக் காப்பீடு அங்கே கட்டாயம் இல்லை. நம்மேல் மோதுகிறவரிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அங்கே எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: பிரிட்டனில் விற்கும் இந்த எக்ஸஸ் பாலிசிகள் பொதுவாக இங்கே வசிப்பவர்களுக்குத்தான். இணையத்தில் பணம் கட்ட முடிகிறதே என்று வாங்கிவிட்டால் கிளெய்ம் நேரத்தில் முகவரிச் சான்று கேட்பார்கள். சென்னை முகவரியோடு வருகிறவருக்கு நான் கவுண்டரின் எக்ஸஸ் இல்லாத கவரையே சொல்கிறேன், விலை அதிகமானாலும். இன்னொன்று, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் பத்து நிமிஷம் ஓட்டினாலும் வண்டிக்கான கவர் பொதுவாகச் செல்லாமல் போகும். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டும் நான் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை.

வண்டியை எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் நான்கு சக்கரம், கூரை, கண்ணாடி, எரிபொருள் முள் எல்லாம் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துவைக்கிறேன். ஸ்பெயினில் பழைய பள்ளம் ஒன்றை என்மேல் எழுதப் பார்த்தபோது அந்த வீடியோவைக் காட்டியதும் ஊழியர் மன்னிப்புக் கேட்டு, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும் முன் அவர்களுக்கு ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன்: வாடகை ஒப்பந்தம் விலக்கிவைத்திருந்தாலும், காற்றால் கதவுக்கு வரும் சேதத்தைத் தருவீர்களா? இரண்டு வரியில் பதில் வந்தது, தரமாட்டோம் என்று. வேறு ஒரு நிறுவனத்திடம் அதே கேள்வியை அனுப்பினேன். தருவோம், 1,000 பவுண்டு வரை என்றார்கள். 14 பவுண்டு கூடுதல். அதைத்தான் எடுத்திருக்கிறேன், அந்த மின்னஞ்சலை அச்செடுத்துப் பாலிசியோடு வைத்திருக்கிறேன். மே மாதம் அம்மா மறுபடி ஐஸ்லாந்து வருகிறார்.