மூன்றாவது மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

பொருத்தமான இரண்டு வலிப்பு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 2010இல் வகுக்கப்பட்ட வரையறை இது. அதன்பின் என்ன செய்வது?

இன்னொரு மருந்தைச் சேர்ப்பதுதான் வழக்கம், அச்சமில்லாத வழியும்கூட. பலன் மிகக் குறைவு என்பதுதான் வேதனை. 2000இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வில் முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் மேலும் 13 சதவீதம். அதற்குப் பிறகு 4 சதவீதம்தான். நரம்பணுக்களில் சோடியம் நுழையும் வாயிலை அடைக்கும் மருந்துக்கு மசியாத மூளை, வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக்கும் பெரும்பாலும் மசிவதில்லை. மாத்திரை கூடக்கூட தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், மறதி கூடலாம்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு மூளையின் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். அந்த இடத்தை எடுத்தால் பேச்சும் அசைவும் கெடக்கூடாது. பொருந்துபவர்களுக்கோ வித்தியாசம் பெரிது. பொட்டுமடலில், அதாவது காதையொட்டிய மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பு பற்றிய 2001 கனடா ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். நினைவாற்றல் குறையும் ஆபத்து உண்டு. மாத்திரையும் உடனே நிற்காது.

என்னைக் கேட்டால், இரண்டாவது மருந்து தோற்றதுமே எம்ஆர்ஐ ஸ்கேன், வீடியோ இஇஜி (வீடியோவுடன் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வது) பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். மூன்றாவது மாத்திரையை அதனுடனேயே தொடங்கலாம்.