புடசோனைடு இன்ஹேலரோடு ஒன்பது வருடம்

"ஸ்டீராய்டா? வேண்டாம்ப்பா, முகம் ஊதிப்போயிடும்" என்று அம்மா சொன்னதைக் கேட்டு, வீசிங்குக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை ஆறு மாதம் தொடவேயில்லை. சித்தி பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக் கன்னம் உப்பியதைப் பார்த்தவர், பயம் நியாயம்தான். அப்புறம்தான் கணக்கு புரிந்தது. வீசிங் முற்றினால் பெரியவர்களுக்கு நாளைக்கு 40 மி.கி. வரை அந்த மாத்திரை தருவார்கள். நான் இழுப்பது காலையில் 200, இரவில் 200 மைக்ரோகிராம், மொத்தமே 0.4 மி.கி. அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்குவதிலும் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்க வைத்துவிடும்.

முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றமாக இருந்தது. சால்புட்டமால் மாதிரி ஐந்து நிமிடத்தில் நெஞ்சைத் திறந்துவிடும் மருந்தில்லை இது. குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை மெதுவாக அடக்குவதுதான் இதன் வேலை. மூன்றாவது வாரம் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காராமல் தூங்கியிருக்கிறேன் என்று காலையில்தான் உறைத்தது.

நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருடம் நானாக நிறுத்தினேன். மார்கழிப் பனியில் வீசிங் திரும்பி, மருந்தைப் புகைபோல இழுக்கவைக்கும் நெபுலைசரில் போய் முடிந்தது. அந்த முட்டாள்தனத்தை மறுபடி செய்யவில்லை. அளவைக் குறைப்பதென்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

தொல்லையே இல்லையா என்றால், உண்டு. வாய் கொப்பளிக்கச் சோம்பல்பட்ட ஒரு மாதத்தில் நாக்கில் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைப் படலம், தேய்த்தால் எரிச்சல். பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள். குரலும் கரகரக்கும். வகுப்பில் நாலு மணி நேரம் கத்துகிற எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். இன்ஹேலர் முனையில் மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழல் வாங்கியபின் இரண்டுமே வெகுவாகக் குறைந்தன. இப்போது பல் தேய்ப்பதற்கு முன்னால் இழுத்துவிடுகிறேன், கொப்பளிப்பது தானாக நடந்துவிடுகிறது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும். எடை ஏறவில்லை, முகமும் ஊதவில்லை. ஸ்டீராய்டு என்பதால் கண் பரிசோதனை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை.

இன்னொன்று. மருந்து தீர்ந்தபின்னும் டப்பாவிலிருந்து புஸ்ஸென்று காற்று வரும். அதை நம்பி ஒருமுறை பத்து நாள் வெறும் வாயுவை இழுத்திருக்கிறேன். 200 பஃப், நாளைக்கு இரண்டு என்றால் நூறு நாள். திறக்கிற அன்றே டப்பா மேல் மார்க்கரில் தேதி எழுதிவிடுகிறேன்.