தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட பெட்ரோல் ஆர்.சி. விமானம்: பணம் கொடுக்கும் முன் டேங்கைக் கழற்றிப் பாருங்கள்

பெட்ரோல் இன்ஜின் பொருத்திய ஆர்.சி. விமானத்தை (தரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம்) முதன்முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு கடையில் 68,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய விமானம் ஐந்தாவது முறை பறந்தபோது இன்ஜின் நின்று, செம்மண் தரையில் மூக்குக் குத்தி விழுந்து நொறுங்கியது. அதற்குப் பத்து நாள் முன்பு அதே விமானத்தால் என் வலது கை போயிருக்க வேண்டியது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோதே மாதிரி விமானங்கள் மீது எனக்குப் பெரிய ஆசை உண்டு. அந்தக் கடைக்காரர் முதல் பேச்சிலேயே, "சார், மெத்தனாலுக்கு அலையவே வேண்டாம், பங்க்ல பெட்ரோல் வாங்கி ஊத்துனாப் போதும், புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இதுதான் சுலபம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தீப்பொறிக்குப் பதில் சூடேறிய சிறு கம்பிச் சுருளால் (குளோ பிளக்) எரியூட்டும் மாதிரி விமான இன்ஜின்களைக் குளோ இன்ஜின் என்பார்கள். அவற்றின் எரிபொருள் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது. விலை அதிகம், தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். ஆனால் மீதிப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது. 20 சி.சி. இன்ஜினும் ஏறத்தாழ 1.8 மீட்டர் இறக்கையும் ஐந்து கிலோ எடையும் உள்ள விமானம், இதற்கு முன் எதையும் பறக்கவிட்டறியாதவன் கையில் கொடுக்கத்தக்கதே அல்ல. முதலில் கணினியில் சிமுலேட்டர், பிறகு இறக்கை மேலே அமைந்த சிறிய மின்சார ஃபோம் விமானம், அதற்குப் பிறகுதான் இது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்லவில்லை. பெட்ரோல்தான் புதிய தொழில்நுட்பம் என்றும் சொன்னார். உண்மையில் மாதிரி விமானங்களில் முதலில் வந்தது ஸ்பார்க் பிளக் வைத்த பெட்ரோல் இன்ஜின். 1947-இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மெத்தனால் பரவியது. இது தெரிந்திருந்தால் அவருடைய மற்றப் பேச்சையும் நான் நிறுத்தி யோசித்திருப்பேன்.

கடைக்காரர் தம் ஆளை வைத்து நான்கு நிமிடம் பறக்கவிட்டுக் காட்டினார். குறை சொல்ல எதுவுமே இல்லை. விலையிலேயே பயிற்சியும் அடக்கம் என்றார்கள். அதன்படி அந்தத் தம்பி அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பறக்கவிட்டார், உயரத்தில் நிலையாக இருக்கும்போது ஒரு நிமிடம் போல என் கையில் கொடுப்பார்.

கை தப்பிய கதை மூன்றாவது ஞாயிறு நடந்தது. தரையில் இன்ஜினை ஓடவிட்டு, என் அக்கா மகன் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தான். த்ராட்டிலை இழுக்கும் கம்பி, அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் கையிலிருந்து கழன்றுவிட்டது. கார்புரேட்டர் முக்கால்வாசி திறந்த நிலையில் நின்றுவிட, இன்ஜின் அலறத் தொடங்கியது. கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரில் எதை நகர்த்தியும் பயனில்லை. குளோ இன்ஜினைப் போல் அல்லாமல் பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறிக்கென்று தனி இக்னிஷன் பெட்டியும் பேட்டரியும் உண்டு. விமானத்திலுள்ள ரிசீவர் வழியாக அதைத் தொலைவிலிருந்தே துண்டிக்கும் ஒரு சிறிய சாதனத்தைப் பலரும் பொருத்துவார்கள். இதில் அது இல்லை. இருந்த ஒரே சுவிட்சும் இன்ஜின் மூடியின் ஓரத்தில், சுழலும் புரொப்பல்லரிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி அதை அணைத்தபோது என் சட்டைக் கையின் நுனி காற்றில் படபடவென்று அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. "சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கங்க சார், அவ்வளவுதான்" என்றார் அந்தத் தம்பி. அன்றே நான் விமானத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

விமானம் விழுந்த நாளில் ஓட்டியவரும் அந்தத் தம்பியே. நான் தொடவே இல்லை. தரையை விட்டு எழுந்து முப்பது அடி ஏறும்போது இன்ஜின் இருமுறை இருமி நின்றுவிட்டது. நேராக இறக்கியிருக்கலாம். அவர் ஓடுபாதைக்குத் திருப்ப முயன்றார். வேகம் குறைந்து, இடது இறக்கை சரிந்து, முடிந்துவிட்டது.

மைதானத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர், முப்பது ஆண்டுகளாக மாதிரி விமானம் கட்டுபவர், சிதைவுகளுக்குள்ளிருந்து டேங்கை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே எரிபொருளை உறிஞ்சும் குழாய், கொதிநீரில் ஊறிய சேமியாவைப் போல் உப்பி, தொளதொளவென்று கிடந்தது. விரலால் அழுத்தினால் நசுங்கியது. எரிபொருள் போகும் பக்கம் குழாயை இழுத்துச் செல்ல அதன் நுனியில் கட்டியிருந்த பித்தளைக் குண்டு டேங்கின் முன்பக்கம் போய் மடங்கிச் சிக்கியிருந்தது. "தம்பி, இது சிலிகோன் குழாய். மெத்தனாலுக்கு உள்ளது. பெட்ரோல் பட்டா உப்பிடும்" என்றார். குழாய் உப்பும்போது நீளமும் கூடும்; மூக்கு மேலே உயர்ந்தவுடன் பெட்ரோல் பின்பக்கம் போய்விடும், முன்னால் சிக்கிய குண்டு காற்றை உறிஞ்சும், இன்ஜின் பட்டினி கிடந்து நிற்கும். குழாய் ஒரே நாளில் கெடுவதில்லை. ஆகையால்தான் கடைக்காரர் காட்டிய நான்கு நிமிடப் பறப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. குளோ இன்ஜினுக்காகக் கட்டிய பழைய விமானத்தில் இன்ஜினை மட்டும் மாற்றி, டேங்கை அப்படியே விட்டு என்னிடம் விற்றிருக்கிறார்கள். பெட்ரோலைத் தாங்கும் மஞ்சள் நிற டைகான் குழாயும் பொருத்தமான ரப்பர் மூடியும் சில நூறு ரூபாய்தான்.

பெரியவர் மேலும் காட்டினார். இன்ஜினைத் தாங்கும் பலகையில் பழைய விரிசலைச் சூப்பர் குளூவால் ஒட்டி, மேலே கருப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். சுக்கான் சர்வோக்களில் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். இக்னிஷன் பெட்டியும் ரிசீவரும் ஒரே அறையில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. குறைந்தது ஓர் அடி இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தீப்பொறியின் இரைச்சல் ரேடியோவைக் குழப்பக்கூடும். இன்ஜினின் கையேட்டைத் தரவேயில்லை. ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு பாட்டிலில் கொடுத்தார்கள், விகிதம் எழுதவில்லை. 32-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 31 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். எந்த விகிதம் என்பதை அந்தந்த இன்ஜினின் கையேடுதான் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பறக்கவிட்டு முடித்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துப்போகும்.

இன்னொன்று. பயிற்சி என்று அவர்கள் அழைத்துச் சென்ற இடம் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவேயில்லை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் 25 கிலோ வரையுள்ள மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது, அதற்கும் உள்ளே கட்டுப்பாடு இன்னும் கடுமை. டிரோன் பறக்கவிடும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நானே பார்த்தபோதுதான் நாங்கள் நின்ற இடம் இப்படி அனுமதி தேவைப்படும் மஞ்சள் பகுதிக்குள் இருப்பது தெரிந்தது.

கடைக்குப் போய்க் கேட்டபோது, நான் கார்புரேட்டர் ஊசியை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகியதால்தான் இன்ஜின் நின்றது என்றார்கள். ஊசி எங்கே இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை. பில் கேட்டு வாங்காதது என் தவறு, ஆனால் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திய பதிவும், "தொடக்கநிலையாளருக்கு, பயிற்சியுடன்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், உப்பிய குழாயின் படங்களும் என்னிடம் உள்ளன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். குழாயைத் துடைக்காமல் அப்படியே ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தேதி எழுதி மூடி வைத்திருக்கிறேன்.